புற்றுக் காளான் எடுக்கப் போகிறீர்களா? முதல் மழைக்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்

ஐப்பசியில் ஓர் உழவு மழை பெய்து, அப்புறம் சில நாள் வெயிலும் புழுக்கமுமாகப் போனால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்கக் காளான் முளைக்க ஆரம்பித்துவிடும். கூடை நிறைய வெள்ளைக் குடைகள், பக்கத்தில் சேறு அப்பிய ஒரு கால், கீழே "இன்னைக்கு நம்ம வேட்டை" என்று ஒரு வரி. அதைப் பார்த்து ஆசைப்பட்டு "நானும் வரலாமா, எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் ஊரில் பிறந்து, வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். இல்லாவிட்டால் ஒன்றிரண்டு ஏக்கர் தோட்டம் வாங்கிப் புதிதாக வந்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காட்டுக் காளான் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள இது உதவாது. புற்றுக் காளான் என்ற ஒன்றை மட்டும் தப்பில்லாமல் அடையாளம் கண்டு, எடுத்து, சமைத்து, நாலு வீட்டுக்குக் கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முளைத்த இடத்திலேயே இருக்கட்டும். எங்கள் கொங்குப் பக்கத்தில் தலை நரைக்கும்வரை காளான் எடுத்தவர்களைக் கேட்டாலும் அவர்கள் நம்பிச் சாப்பிடுவது இரண்டு மூன்று வகைதான். பாக்கி அத்தனையையும் நாய்க்குடை என்று ஒரே பெயரில் ஒதுக்கிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள். பத்து வகை தெரியும் என்கிறவரைவிட, ரெண்டு வகை மட்டும் தெரியும் என்கிறவரோடு போங்கள்.

ஏன் இந்த ஒன்று மட்டும்

புற்றுக் காளான் தனியாக முளைப்பதில்லை, கறையான் வளர்க்கிறது. கறையான்கள் காய்ந்த மரத்தையும் சருகையும் தின்று, அந்த எச்சத்தைக் கொண்டு மண்ணுக்கடியில் துளைதுளையாக ஒரு கூடு கட்டி, அதன்மேல் பூஞ்சையை வளர்த்து அதையே சாப்பிடுகின்றன. மரத்தில் இருக்கும் செரிக்காத பகுதியை உடைத்துக் கொடுப்பது அந்தப் பூஞ்சையின் வேலை. மழை மண்ணில் நன்றாக இறங்கியதும் அந்தப் பூஞ்சை ஒரு தண்டை மேலே அனுப்புகிறது. மண்ணைக் கிழித்து வெளியே வந்து விரிகிறதே, அதுதான் நாம் எடுக்கிற காளான். டெர்மிடோமைசெஸ் என்பது இந்தக் குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர். ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1942-இல் வைத்தது. தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு வகையை 1979-இல் நடராஜன் என்ற நம்மூர் ஆய்வாளர் விவரித்து, அந்த ஹைமின் நினைவாகவே பெயரிட்டார்.

இந்தக் குடும்பத்தில் விஷ வகை என்று அறியப்பட்டது எதுவும் இல்லை. அதோடு, கீழே கறையான் கூட்டோடு தொடர்பு இருப்பதால் இதற்கு நீளமான ஒரு வேர் உண்டு. அந்த வேர் வேறு காளான்களில் காணக் கிடைப்பது அபூர்வம். புதிதாக வருகிறவர் கையால் தொட்டுச் சரிபார்க்கக்கூடிய ஓர் அடையாளம் இருப்பது பெரிய விஷயம். பண்ணையில் வளர்த்து விற்க முடிவதில்லை என்பதால் மழைக்காலத்தை விட்டால் இது கிடைக்காது, அதனால்தான் இவ்வளவு ஆசை, இவ்வளவு அடிதடி.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியது

முதலில் ஒரு ஆளைப் பிடியுங்கள். ஆடு மேய்க்கிறவர்கள், மானாவாரிக் காட்டில் களை வெட்டப் போகும் பெண்கள், மலையடிவாரத்தில் இருக்கிற இருளர் போன்ற பழங்குடி மக்கள், இவர்களுக்குத்தான் இது கைவந்த விஷயம். ஒரு பாக்கெட் டீத்தூளோ வெற்றிலை பாக்கோ வாங்கிக்கொண்டு போய் "காளான் எடுக்கப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று கேளுங்கள். முதல் வருடம் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதோடு சரி, நீங்களாகத் தேடிப் பறித்துச் சாப்பிடுவது அடுத்த வருடம். இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். காளானில் ஒரே தடவை தப்பு செய்தாலும் கல்லீரல் போய்விடும் என்பதால், எனக்கு இது அதிகமாகத் தெரியவில்லை.

அப்புறம் இடம். பறிக்கப் போவதற்கு முன்பே கறையான் இருக்கிற இடங்களைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கு நிற்கும் புற்றைத்தான் தேட வேண்டும் என்றில்லை. மேலே மேடே இல்லாமல் தரைமட்டமாக இருக்கும் இடத்திலும் அடியில் கூடு இருக்கும். காளான் பெரும்பாலும் புற்றின் உச்சியில் வராமல் அதைச் சுற்றியுள்ள தரையிலும், வரப்பு ஓரத்திலும், வேலி மரத்தின் நிழலிலும்தான் வரும். மழைக்கு முன்னோடியாக ஈசல் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். மற்றவர்கள் விளக்கைப் போட்டு ஈசல் பிடித்துப் பொரியோடு வறுத்துத் தின்றுகொண்டிருக்கும்போது, நீங்கள் டார்ச்சோடு அது எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று தேடினால் உங்களைக் கிண்டல் செய்வார்கள், பரவாயில்லை. கீழே கறையான் கூட்டம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒருமுறை பூத்த இடத்தில் அடுத்த வருடமும் கிட்டத்தட்ட அதே காலத்தில் பூக்கும் என்பதால், தமிழ் மாதத்தோடு சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

காலம் ஊருக்கு ஊர் மாறும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்கிற கூடலூர், வால்பாறை, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் ஆனி ஆடியிலேயே வர ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற மற்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை. அடைமழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது போனால் கிடைக்காது. மழை விட்டு, மண் ஈரமாக இருந்து, உடம்பு பிசுபிசுக்கிற மாதிரி புழுக்கம் வர வேண்டும். இடி இடித்தால் காளான் பூக்கும் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் மரக்கட்டையில் வளரும் காளான்களுக்குச் செயற்கை மின்னல் கொடுத்துப் பார்த்து, சில வகைகளில் விளைச்சல் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். நம் புற்றுக் காளானுக்கும் அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. இடி இடித்த அன்றே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அவ்வளவுதான்.

எங்கே போகக் கூடாது

காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்கிறவர்களுக்குச் சிறு வனப் பொருள்கள் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது. காரில் போய் இறங்குகிற நமக்கு அது கிடையாது. யானை நடமாட்டம் இருக்கிற இடமென்றால் விடிகாலை என்பதே தப்பான நேரம்.

பூச்சிமருந்து அடிக்கிற வயல், பருத்திக்காடு, கறையானுக்கு மருந்து ஊற்றிய வீட்டுமனை, நெடுஞ்சாலை ஓரம், சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடிய ஓடை, குப்பைமேடு இங்கெல்லாம் எவ்வளவு கொழுகொழு என்று முளைத்திருந்தாலும் விட்டுவிடுங்கள். மண்ணில் இருக்கிற கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் காளான்கள் கெட்டிக்காரத்தனமானவை. காளான் நல்ல வகையாகவே இருக்கும், சாப்பிட்டால் உள்ளே போவது வேறாக இருக்கும்.

மற்றவர் தோட்டமாக இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். வேலி தாண்டிப் போய் எடுத்துவிட்டு அப்புறம் பங்கு கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், காளான் விஷயத்தில் பங்காளிகளுக்குள்ளேயே பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு.

காலையில்

விடிந்ததும் போக வேண்டும். ராத்திரியில் மண்ணைப் பிளந்து வருகிற காளான் காலையில் விரிந்துவிடும், உச்சி வெயிலுக்குள் எறும்பும் புழுவும் ஏறிவிடும். கையில் ஒரு நீளக் கோல், காலில் முழங்கால் வரை வரும் பூட்ஸ் அல்லது குறைந்தபட்சம் மூடின செருப்பு, ஒரு டார்ச், ஒரு சின்னக் கத்தி அல்லது களைக்கொத்து, மூங்கில் கூடையோ பனையோலைப் பெட்டியோ ஒன்று. பிளாஸ்டிக் பை வேண்டாம். காளான் வேர்த்து, அரை மணி நேரத்தில் கொழகொழவென்று ஆகி நாறிவிடும்.

கோல் எதற்கென்று சொல்லத் தேவையில்லை. புற்று என்றாலே பாம்பு, அது சாமி கதை மட்டுமில்லை, கைவிடப்பட்ட புற்றுத் துளைகளில் நல்ல பாம்பு தங்குவது வழக்கம்தான். புல்லைத் தட்டிவிட்டுக் கால் வையுங்கள், துளைக்குள் கையை விடாதீர்கள். மஞ்சள் பூசி, பால் முட்டை வைத்துக் கும்பிடுகிற புற்றாக இருந்தால் பக்கத்தில் எவ்வளவு பூத்திருந்தாலும் ஊரில் கேட்காமல் தொடாதீர்கள்.

ஒன்றைக் கண்டதும் பிடுங்கத் தோன்றும். நின்று சுற்றிப் பாருங்கள். ஒன்று இருந்தால் பக்கத்தில் பத்து இருக்கும், அதில் நாலைந்து மண்ணைத் தூக்கிக்கொண்டு இன்னும் வெளியே வராமல் இருக்கும், நீங்கள் ஓடிப் போவதில் அதைத்தான் மிதிப்பீர்கள்.

காளானின் காலைப் பாருங்கள்

நான் யாரிடம் கற்றுக்கொண்டேனோ அந்தப் பாட்டி ஆடு மேய்க்கிறவர். வாய் நிறைய வெற்றிலையோடு அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணு, கொடையப் பாக்காத, காலப் பாரு. வேரு எறங்கிப் போச்சுன்னா நம்மளது. வேரு இல்லீன்னா அது ஆரோ, நமக்கெதுக்கு?"

அதாவது முதலில் ஒரே ஒரு காளானை மட்டும் முழுசாகத் தோண்டி எடுங்கள். பிடித்து இழுத்தால் தரைமட்டத்தில் முறிந்துவிடும், அடியில் என்ன இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். களைக்கொத்தால் ஒரு சாண் தள்ளி மண்ணை மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். புற்றுக் காளானாக இருந்தால் தண்டு தரைக்குக் கீழே கொஞ்சம் தடித்து, அப்புறம் மெலிந்துகொண்டே இறங்கும். தண்டின் வெள்ளை நிறம் மாறிப் பழுப்பாகும். ஒரு சாணுக்குக் கீழேயும், சிலது முழத்துக்குக் கீழேயும் போகும். கடைசிவரை தோண்டிக் கூட்டை உடைக்காதீர்கள், இறங்கிப் போகிறது என்று உறுதியானால் போதும்.

தோண்டும்போது தண்டின் அடியில் ஒரு பை, உறை, கிழிந்த முட்டை ஓடு போன்ற ஏதாவது இருந்தால் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வாருங்கள். உலகத்தில் காளான் சாப்பிட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அமானிட்டா என்ற குடும்பம். அதன் கொடிய வகைகளுக்கு அந்த அடிப்பை உண்டு, அந்தப் பை மண்ணுக்குள்ளேதான் இருக்கும். கத்தியால் தரைமட்டத்தில் வெட்டுகிறவர் கண்ணில் அது படவே படாது.

அடுத்தது தொப்பி. புற்றுக் காளானின் தொப்பி நடுவில் கூம்பாகத் துருத்திக்கொண்டு இருக்கும், அந்த முனை கெட்டியாக, சாம்பலோ பழுப்போ கலந்து இருக்கும்; கடினமான மண்ணைத் துளைத்து வர அதுதான் உதவுகிறது. தொப்பியின் மேல் தோல் வழுவழுப்பாக இருக்கும், விரிந்த பிறகு ஓரம் அங்கங்கே கிழியும். தொப்பியின்மேல் செதிலோ, விரலால் தள்ளினால் உதிர்கிற பொருக்கோ இருந்தால் வேண்டாம். அடியில் இருக்கும் மடிப்புகள் நெருக்கமாக, வெள்ளையாக, முற்றும்போது லேசான ரோஸ் நிறம் ஏறி இருக்கும், தண்டில் ஒட்டாமல் நிற்கும். தண்டில் மோதிரம், அதாவது தண்டைச் சுற்றி ஒரு தோல் வளையம், இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், புற்றுக் காளானிலேயே சில வகைக்கு உண்டு, சிலதுக்குக் கிடையாது.

நம்மூரில் புதியவர்களை அதிகம் ஏமாற்றக்கூடியது புல்தரையில், பள்ளி மைதானத்தில், பங்களாத் தோட்டத்தில் மழைக்குப் பிறகு வட்டம் கட்டி முளைக்கும் ஒரு பெரிய வெள்ளைக் குடை. நடுவில் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்கிற மோதிரம், சின்னதாக இருக்கும்போது வெள்ளை மடிப்பு, முற்றினால் அழுக்குப் பச்சை. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று பெயர். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், வாசனையும் நன்றாகவே இருக்கும், சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டி எடுக்கும். இதற்கு வேர் கிடையாது. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பைன் மரத்தடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளியோடு படப் புத்தகத்தில் வருவது போலவே ஒன்று முளைக்கும், அதைப் போட்டோ எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொக்குதான் ருசி என்பார்கள், அது உண்மை. ஆனால் புதியவர்கள் மொக்கைத் தனியாகப் பார்த்து எடுக்காதீர்கள். பக்கத்திலேயே விரிந்த காளான் இருந்து, அதைச் சரிபார்த்து, அதே கூட்டத்தில் அதே வேரோடு வருகிற மொக்கை மட்டும் எடுங்கள், அதையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பை உறைக்குள் சுருண்டிருக்கும் குட்டிக் காளான் தெரிந்தால் அது அமானிட்டாவாக இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மரணத்தொப்பி என்கிற அமானிட்டாவின் மொக்கு, ஆசியாவில் எல்லோரும் சாப்பிடும் வைக்கோல் காளானின் மொக்கை அச்சாக ஒத்திருக்கும். 2011 டிசம்பர் 31 இரவு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மரணத்தொப்பியைச் சமைத்துச் சாப்பிட்டு இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் தொழில்முறைச் சமையல்காரர். ஊரில் கற்றுக்கொண்ட கண் அடுத்த கண்டத்தில் உதவாது. டெக்ஸாஸ் புல்தரையில் நம்ம ஊர்க் காளான் மாதிரியே இருக்கிறதே என்று தோன்றினால், அது நான் மேலே சொன்ன அந்தப் பச்சை மடிப்புக்காரனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அரிசிக் காளான் பற்றிக் கேட்பீர்கள். கறையான்கள் பழைய கூட்டுத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போடும் இடத்தில், தரையில் அரிசியை இறைத்துவிட்ட மாதிரி நூற்றுக்கணக்கில் பூக்கும் சின்னக் காளான் அது. ருசியில் பெரியதைத் தோற்கடிக்கும். ஆனால் அதற்கு நீள வேர் கிடையாது, சின்ன வெள்ளைக் காளான்களில் விஷமுள்ளவை ஏராளம். கூட வருகிறவர் காட்டினால் எடுங்கள், தனியாக வேண்டாம்.

வீட்டில் ஒரு சோதனை, அப்புறம் செல்லாத சோதனைகள்

ஒரு காளானின் தொப்பியை மட்டும் வெட்டி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக இருக்கும் காகிதத்தில் மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுங்கள். சில மணி நேரத்தில் வித்துத்தூள் காகிதத்தில் படிந்துவிடும், ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் தெளிவாக இருக்கும். புற்றுக் காளானுக்கு வெளிறிய ரோஸ் கலந்த நிறம் வரும். தூய வெள்ளை வந்தால் அமானிட்டாவாக இருக்கலாம், பச்சை வந்தால் அந்தப் புல்தரைக் காளான். ரோஸ் வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ரோஸ் வித்துள்ள விஷக் காளான்களும் உண்டு. வேர், தொப்பி, வித்து மூன்றும் ஒத்துவர வேண்டும், கூட வந்தவரும் தலையாட்ட வேண்டும். சோதனைக்காகக் காத்திருந்தால் காளான் கெட்டுவிடுமே என்றால், முதல் தடவை கெட்டுப் போகட்டும்.

இனி, ஊரில் சொல்லும் சோதனைகள். வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்கவைத்துக் கறுக்கிறதா என்று பார்ப்பது, பூண்டோ அரிசியோ நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது, புழு தின்றிருக்கிறது ஆடு தின்றது அதனால் நாமும் தின்னலாம் என்பது, புளியோ மஞ்சளோ போட்டால் விஷம் முறிந்துவிடும் என்பது, வெள்ளையாக இருந்தால் நல்லது கலராக இருந்தால்தான் விஷம் என்பது. எல்லாமே பொய். அமானிட்டாவின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் போகாது, அதில் ஆளைக் கொல்லும் வகைகளில் சில தூய வெள்ளை. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன், குரூப்பில் போட்டோ போட்டேன் நாலு பேர் சூப்பர் என்றார்கள் என்பதையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டோவில் வேர் தெரியாது.

எடுப்பது எப்படி

ஒன்றைத் தோண்டிச் சரிபார்த்தாகிவிட்டது என்றால் மற்றதைத் தரையோடு பிடித்து, லேசாகத் திருகி மேலே இழுங்கள். கையில் எடுத்த ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள், நல்ல கூட்டத்துக்கு நடுவிலும் வேறொன்று முளைத்திருக்கலாம். முற்றிக் கறுத்ததை, புழு ஏறியதை அங்கேயே விட்டுவிடுங்கள். கூடு இருக்கிற இடத்தை மண்வெட்டியால் கிளறினால் இந்த வருடம் நாலு மொக்கு கூடுதலாகக் கிடைக்கலாம், அடுத்த வருடம் அங்கே ஒன்றும் இருக்காது. விலக்கிய மண்ணைத் திரும்பத் தள்ளி மூடிவிடுங்கள். அடையாளம் உறுதியானவற்றின் வேரை அங்கேயே வெட்டி, மண்ணைத் தட்டிவிட்டுக் கூடையில் போட்டால் வீட்டில் வேலை பாதியாகும், கொடுக்கப் போகிற பங்கில் மட்டும் ஒன்றிரண்டை வேரோடு வைத்திருங்கள். ஏன் என்று வருகிறேன்.

பங்கு பிரிப்பது

காளானை யாரும் சொந்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. வைத்தாலும் அடுத்த நாளைக்குத் தாங்காது என்பது ஒரு காரணம். தோட்டத்துக்காரருக்கு முதல் பங்கு, வழி காட்டியவருக்கு அடுத்தது, அப்புறம் உங்களுக்கு, அப்புறம் அக்கம்பக்கம். கொஞ்சமாகக் கிடைத்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். உங்களுக்கு மிஞ்சாத வருடமும் உண்டு.

வழியில் யாராவது "ஏனுங்க, எங்கீங்க கெடச்சுது?" என்று கேட்டால், கையைப் பொதுவாக மேற்கே வீசி "அந்தப் பக்கந்தானுங்க" என்று சொல்வதுதான் மரபு. கேட்டவருக்கும் அது தெரியும், அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார். கூட்டிக்கொண்டு போனவர் காட்டிய இடத்தை நீங்கள் இன்னொருவரிடம் சொல்வது மட்டும் நம்பிக்கைத் துரோகம். போன் கேமராவில் இடக்குறியீடு தானாகப் பதியும், அதை அணைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

கொடுக்கும்போது சமைத்தோ நறுக்கியோ கொடுக்காதீர்கள், முழுசாகக் கொடுங்கள். வேரோடு வைத்த அந்த ஒன்றிரண்டு இதற்குத்தான். வாங்குகிற வீட்டில் விஷயம் தெரிந்த ஒரு பெரியவர் இருப்பார், அவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு இன்னொரு ஜோடிக் கண் இலவசமாகக் கிடைக்கிறது. இன்று காலை எடுத்தது, இந்த வகைத் தரையில் எடுத்தது, மருந்தடிக்காத இடம், இன்றைக்கே சமைத்துவிடுங்கள் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கே துளி சந்தேகம் இருக்கிற காளானை, "எங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நாங்க சாப்பிட்டுப் பாக்கறோம்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். இதில் மட்டும் முகதாட்சண்யம் பார்க்கக் கூடாது.

கொடுத்தது போக முழுக் காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி உங்கள் பிரிட்ஜில் ஒரு ஓரமாக இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆனால் டாக்டர் கையில் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.

சமையல்

மண் போகக் கழுவுவதுதான் வேலையே. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசினால் பூச்சி வெளியே வரும், ஊறவைக்காதீர்கள், தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்டைக் கையாலேயே நார் நாராகக் கிழிக்கலாம். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் தாராளமாக வதக்கி, காளானைப் போட்டால் அதுவே தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை பொறுமையாக வேகவிட்டு, மிளகும் சீரகமும் மல்லியும் வறுத்து அரைத்த விழுதும் கொஞ்சம் தேங்காயும் சேர்த்து இன்னொரு கொதி. நன்றாக வெந்தாக வேண்டும், காட்டுக் காளானைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடாதீர்கள். கரம் மசாலாவைக் கொட்டுகிறவர்கள் பட்டன் காளானே வாங்கிக்கொள்ளலாம். ராகிக் களியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

முதல் தடவை சாப்பிடுகிறவர் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். நல்ல காளானே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வயிறு பொருமும். ஒரு நாளில் இரண்டு வகைக் காளானைக் கலந்து சமைக்காதீர்கள்.

வாந்தி, பேதி, மயக்கம் வந்தால் மோர் குடித்துப் பார்க்கலாம், விடிந்ததும் போகலாம் என்று இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சமிருக்கும் காளானை எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கிற வாந்திதான் ரொம்ப ஆபத்தானது. அமானிட்டா நஞ்சு அப்படித்தான் தாமதமாக வரும். அடுத்த நாள் வாந்தி நின்று ஆள் தேறிவிட்டது போலத் தெரியும், அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். தேறிவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். கூடவே சாப்பிட்ட எல்லோரும், உடம்புக்கு ஒன்றும் செய்யாதவர்களும், போய்க் காட்டிக்கொள்ள வேண்டும். பங்கு கொடுத்த வீடுகளுக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

கிடைக்காத வருடங்களும் இருக்கும். சீசனில் சாலையோரத்தில் கூறு கட்டி விற்பார்கள், கிலோ பல நூறு ரூபாய் சொல்வார்கள், அவர்கள் ராத்திரி தூக்கம் கெட்டு நடந்த நடைக்கு அது அதிகமில்லை. காலையில் சீக்கிரமே வாங்குங்கள். வேரோடு இருக்கிற கூறாகப் பார்த்து வாங்குங்கள், வெட்டியிருந்தால் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். ஓரம் கறுத்து, தொட்டால் ஈரம் கசிகிறது என்றால் நேற்றையது. ஒரே கூறில் செதில் தொப்பியும் வழுவழுத் தொப்பியும் கலந்திருந்தால் பேரம் பேசாமல் வண்டியை எடுத்துவிடுங்கள்.